வரும் படி, போகும் படி

தலைப்பைப் பார்த்துவிட்டு, மாத வரும்படியைப் பெருக்க ஏதோ வழி சொல்லப் போகிறோம் என்று எண்ணி இந்தப் பக்கத்தைப் புரட்டிய குடும்பத் தலைவர்கள் மன்னிக்க வேண்டும். இது நிஜமான படி. காலால் மிதித்து ஏறுகிற படி. கதவைத் திறந்தால் வெளியே வரும். மூடினால் உள்ளே போய் ஒளிந்து கொள்ளும். அப்படியும் ஒரு படியா என்று கேட்பீர்கள். வீடே சக்கரம் கட்டிக் கொண்டு ஊர் ஊராகப் போகும்போது, வாசற்படி மட்டும் எப்படி ஓரிடத்தில் நிற்கும்?

அமெரிக்காவில் 'மோட்டார் ஹோம்' என்று சொல்கிறார்களே, அந்த மோட்டார் வீட்டைப் பற்றித்தான் பேச்சு. லாரிச் சட்டத்தின் மீது கட்டிய நீளமான வண்டி. அதற்குள்ளேயே கட்டில், அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, குளியலறை எல்லாம் உண்டு. ஓட்டுகிறவர் முன்னால் உட்கார்ந்து ஓட்டிக் கொண்டிருக்கையில், பின்னால் ஒரு குடும்பம் வாழ்ந்து கொண்டிருக்கும். 1960-களிலும் 1970-களிலும் செய்த இத்தகைய பழைய வண்டிகளை இன்று தேடிப் பிடித்து, துரு சுரண்டி, பெயிண்ட் அடித்து, மறுபடியும் சாலைக்குக் கொண்டு வருகிறவர்கள் அந்நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். என்ஜினைச் செப்பனிடுகிறார்கள், திரைச் சீலைகளைப் பழைய மாதிரியிலேயே தைத்துப் போடுகிறார்கள். கடைசியில்தான் பலருக்கு வாசற்படியின் ஞாபகம் வருகிறது. உண்மையில் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

நாற்காலி மேல் ஏறும் பாட்டி

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். லாரிச் சட்டம் என்றால் அடியில் என்ஜினிலிருந்து பின் சக்கரம் வரை ஒரு நீண்ட தண்டு சுழன்று கொண்டிருக்கும். அதற்கு மேலே சட்டம், சட்டத்தின் மேலே தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி இவற்றுக்கெல்லாம் இடம். இவ்வளவுக்கும் மேலேதான் வீட்டின் தரை. அந்தத் தரை பூமியிலிருந்து 33 அங்குல உயரத்தில் இருப்பதாக வைத்துக் கொள்வோம். கதவுக்கு உட்புறமாகக் குழித்து 8 அங்குலத்துக்கு ஒன்றாக இரண்டு படிகள் அமைத்து விட்டார்கள். மீதி எவ்வளவு? 17 அங்குலம்!

பதினேழு அங்குலம் ஒரு பெரிய உயரமா என்று இளைஞர்கள் சிரிக்கலாம். நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜை நாற்காலியின் பலகை ஏறக்குறைய அந்த உயரந்தான். அப்படியானால், வண்டிக்குள் போகும் ஒவ்வொரு தடவையும் தரையிலிருந்து நாற்காலி மேல் ஏறவேண்டும். இறங்கும் ஒவ்வொரு தடவையும் நாற்காலியிலிருந்து குதிக்க வேண்டும். தண்ணீர் பிடிக்க, துணி உலர்த்த, நாயை உலாவ அழைத்துப் போக என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை! இந்த வண்டிகளில் சுற்றுகிறவர்களிலோ, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள் மிகுதி. பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தாயிற்று, பெரிய வீட்டை விற்றாயிற்று, இனிமேல் ஊர் பார்ப்போம் என்று கிளம்பியவர்கள். அந்த அம்மாளுக்கு முழங்கால் வலி வந்துவிட்டால், பிரயாணம் தொடருமா, அத்தோடு முடியுமா என்பதை என்ஜின் தீர்மானிப்பதில்லை. அந்த 17 அங்குலம் தீர்மானிக்கிறது.

சரி, வெளியே இன்னொரு படியை நிரந்தரமாகப் பொருத்தி விட்டால் என்ன? நம் ஊர் வில்வண்டிக்குப் பின்னால் இரும்பு மிதிபடி தொங்கவில்லையா? தொங்கியது; ஆனால் அது வண்டிக்குப் பின்புறம். மோட்டார் வீட்டின் கதவோ பக்கவாட்டில் இருக்கிறது. அமெரிக்காவில் சாலையின் வலப்புறமாகப் போகிறார்கள். கதவும் வலப்புறத்தில், அதாவது நடைபாதைப் பக்கம். பக்கவாட்டில் ஓரடி நீட்டிக் கொண்டிருக்கும் இரும்புப் படி நடைபாதைக் கல்லில் இடிக்கும். பெட்ரோல் பங்கின் சிமெண்டு மேடையில் மாட்டும். ஓரமாக நடந்து போகிறவரின் காலைப் பதம் பார்க்கும். ஆகவே வண்டி நிற்கும்போது படி வேண்டும். ஓடும்போது படி இருக்கவே கூடாது. இந்த ஒரு முரண்பாட்டுக்குத்தான் மனிதர்கள் வெகு காலமாக வழி தேடி வந்திருக்கிறார்கள்.

பிரபுவின் படியும் நாடோடியின் படியும்

ஐரோப்பாவில் குதிரை பூட்டிய கோச்சு வண்டிகளில் கனவான்களும் சீமாட்டிகளும் பவனி வந்த காலத்திலேயே மடக்குப் படி இருந்தது. இரண்டு மூன்று தட்டுகள் உள்ள படி. மேலே கம்பளம் தைத்திருக்கும். அதை மடக்கி, கதவுக்கு உட்புறமாக வைத்துவிடுவார்கள். வண்டி நின்றதும் பின்னால் நின்று வரும் சேவகன் குதித்து ஓடி வந்து, கதவைத் திறந்து, படியை ஒவ்வொன்றாக இறக்கி விடுவான். சீமாட்டி பட்டுப் பாவாடை தரையில் புரளாமல் இறங்குவாள். அந்தக் காலத்துத் 'தானியங்கிப் படி'க்கு மின்சாரம் தேவைப்படவில்லை, சம்பளம் தேவைப்பட்டது.

பிரபுவுக்குச் சேவகன் உண்டு. நாடோடிக்கு? இங்கிலாந்தில் ரோமானி மக்கள் குடியிருந்த 'வார்டோ' என்ற அழகிய மர வண்டிகளுக்குப் பெரும்பாலும் முன்புறத்தில்தான் கதவு. குதிரையை அவிழ்த்து விட்ட பிறகு, இரண்டு ஏர்க்கால்களுக்கும் நடுவே ஒரு சிறிய மரப்படியைக் கொண்டு வந்து சாத்துவார்கள். கிளம்பும்போது அதைக் கழற்றி வண்டியிலேயே மாட்டிக் கொள்வார்கள். இதைவிட எளிய ஏற்பாடு இன்றுவரை யாருக்கும் தோன்றவில்லை.

பணம் படைத்தவர்கள் இந்த நாடோடி வாழ்வைக் கண்டு ஆசைப்பட்டது 1885-ல். வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் ஸ்காட்லாந்துக்காரர். கப்பற்படையில் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுவர்களுக்கு வீரக் கதைகள் எழுதியவர். 'வாண்டரர்' என்ற பெயரில், ஏறத்தாழ 2 டன் எடையுள்ள வீட்டு வண்டி ஒன்றைச் செய்வித்துக் கொண்டு, இரண்டு குதிரைகளைப் பூட்டி, இங்கிலாந்தின் தென்பகுதியிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை போனார். கூட ஒரு வண்டிக்காரர், ஒரு பெரிய நாய், ஒரு கிளி. எதிரே வருகிறவர்களை எச்சரிப்பதற்காக மூன்று சக்கரச் சைக்கிளில் முன்னே போக ஒரு பணியாள் வேறு! உல்லாசத்துக்காகவே கட்டப்பட்ட முதல் வீட்டு வண்டி என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

கையால் இழுக்கும் காலம்

அமெரிக்காவில் 1910-லேயே பியர்ஸ்-ஆரோ கம்பெனியார், இருக்கையைக் கட்டிலாக மாற்றக்கூடிய ஆடம்பர மோட்டார் ஒன்றைக் காட்சிக்கு வைத்தார்கள். ஆனால் மோட்டார் வீடு பொது ஜனங்களின் கைக்கு எட்டியது வெகு காலத்துக்குப் பிறகுதான். 1958-ல் மிச்சிகன் மாகாணத்தைச் சேர்ந்த ரேமண்ட் ஃபிராங்க் என்பவர் தம் குடும்பம் விடுமுறைக்குப் போவதற்காகச் சொந்தமாக ஒன்றைக் கட்டினார். பார்த்தவர்கள் எல்லோரும் எங்களுக்கும் ஒன்று என்று கேட்கவே அது தொழிலாயிற்று. 1966-ல் அயோவா மாகாணத்தின் ஃபாரஸ்ட் சிட்டியில் வின்னபேகோ கம்பெனியார் மோட்டார் வீடுகளைத் தொழிற்சாலை வரிசையில் வைத்து மளமளவென்று செய்யத் தொடங்கினார்கள். விலை இறங்கிற்று, சாலையெங்கும் மோட்டார் வீடுகள் நிறைந்தன.

மோட்டாரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் வெள்ளிநிற 'ஏர்ஸ்ட்ரீம்' வீடுகளையும் இங்கே மறக்கக் கூடாது. 1963-ல் அவற்றின் சொந்தக்காரர்கள் கூட்டமாகச் சேர்ந்து சிங்கப்பூரிலிருந்து உலகப் பயணம் புறப்பட்டு, நம் இந்தியா வழியாகவும் போனார்கள். அந்த வீடுகளின் கதவுக்கடியிலும் மடக்குப் படிதான்.

அந்தக் காலத்து வண்டிகளில் பெரும்பாலும் கையால் இழுக்கிற படியே இருந்தது. அமைப்பு வெகு எளிது. கதவுக்கு நேர் கீழே ஓர் இரும்புச் சட்டம். அதில் இரு பக்கமும் கீல் வைத்த இரண்டிரண்டு தண்டுகள். அவற்றின் முனையில் மிதிபலகை. குனிந்து பலகையைத் தூக்கி இழுத்தால், தண்டுகள் சுழன்று முன்னே வந்து ஒரு தடையில் தட்டி நிற்கும். அதன் பிறகு மேலே எவ்வளவு பாரம் ஏறினாலும் படி இன்னும் அழுத்தமாகத் தடையில் உட்காருமே தவிர மடங்காது. மறுபடி தூக்கித் தள்ளினால் உள்ளே போய்விடும். ஸ்பிரிங் ஒன்று அதைப் பிடித்துக் கொள்ளும். கெட்டுப் போக அதில் அதிகமாக எதுவும் இல்லை.

கெட்டது மனிதர்களின் ஞாபகசக்திதான். காப்பி குடித்தாயிற்று, கதவைச் சாத்தியாயிற்று, கிளம்பியாயிற்று. படி மட்டும் வெளியே நீட்டிக் கொண்டு வருகிறது! உள்ளே இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. முதல் பெட்ரோல் பங்கில் 'கறார்' என்று ஒரு சத்தம் கேட்கும். இன்று பழைய மோட்டார் வீடு ஒன்றை வாங்கப் போகிறவர் படியின் முன்முனையைக் குனிந்து பார்த்தால், அது நிமிர்த்தி அடித்த தழும்போடு இருப்பதைக் காணலாம். முந்திய சொந்தக்காரரின் சரித்திரம் அதில் எழுதியிருக்கிறது.

மின்சாரம் வந்தது

மறதிக்கு மருந்தாகத்தான் மின்சாரப் படி வந்தது. கதவில் ஒரு காந்தம், நிலைச் சட்டத்தில் ஒரு சிறு ஸ்விட்ச். கதவு திறந்ததும் ஸ்விட்ச் செய்தி சொல்ல, 12 வோல்ட் மோட்டார் சுழன்று, பல்சக்கரங்கள் வழியாகத் தண்டுகளைத் தள்ள, படி வெளியே வருகிறது. எங்கே நிற்பது என்று மோட்டாருக்கு எப்படித் தெரியும்? படி தடையில் முட்டியதும் மோட்டார் திணறும். திணறும்போது அது இழுக்கும் மின்சாரம் சட்டென்று ஏறும். கட்டுப்பாட்டுப் பெட்டி அதைக் கண்டுகொண்டு மின்சாரத்தை நிறுத்திவிடும். சாமர்த்தியமான வேலை அல்லவா?

ஆனால் ஒரு சங்கடம். முகாமில் நான்கு நாள் தங்கியிருக்கும்போது, கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் படி 'விர்ர்' என்று வந்து போனால் காதும் வலிக்கும், பாட்டரியும் தீரும். அதற்காகக் கதவோரம் ஒரு ஸ்விட்ச் வைத்தார்கள். படி வெளியே இருக்கும்போது அதை அணைத்துவிட்டால், படி அப்படியே வெளியில் நிற்கும். மறந்து போய் வண்டியைக் கிளப்பினாலும் பயமில்லை. கதவு மூடியிருந்து, என்ஜின் சாவியைத் திருப்பினால், ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் படி தானாக உள்ளே போய்விடும்.

இங்கேதான், வாசகர்களே, கவனிக்க வேண்டிய அபாயம் ஒளிந்திருக்கிறது. சாவி போட்டதும் படி உள்ளே போயிற்று. ஸ்விட்சோ இன்னும் அணைந்தே இருக்கிறது. மாலை முழுவதும் ஓட்டி, இருட்டிய பிறகு கணவர் வண்டியை ஓரிடத்தில் நிறுத்திச் சாவியை எடுத்து விடுகிறார். உள்ளே கண்ணயர்ந்திருந்த மனைவி எழுந்து, என்ன ஊர் என்று பார்க்கலாம் என்று கதவைத் திறக்கிறார். சாவியும் இல்லை, ஸ்விட்சும் இல்லை. படிக்கு யாரும் செய்தி சொல்லவில்லை. நான்கு நாளாக அங்கேயே இருந்த படி, இப்போதும் இருக்கும் என்று கால் நம்புகிறது. இருட்டில் வைத்த கால் எட்டரை அங்குலத்துக்குப் பதில் 17 அங்குலம் போகிறது.

எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். படி இல்லாத வண்டியைவிட, சில சமயம் இருக்கும், சில சமயம் இராது என்கிற படி பொல்லாதது. ஏனென்றால், படியே இல்லாவிட்டால் கால் எச்சரிக்கையோடு இறங்கும்.

இதைத் தடுக்க அனுபவசாலிகள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். வண்டி நின்றதும், சாவியை எடுக்கும் முன்பே கதவைத் திறந்துவிட வேண்டும். சாவி இருக்கும் வரை, ஸ்விட்ச் எப்படியிருந்தாலும் கதவு திறந்தவுடன் படி வந்தே தீரும். அப்படித்தான் பெரும்பாலான பெட்டிகளை அமைத்திருக்கிறார்கள். வந்த பிறகு சாவியை எடுத்தால் படி வெளியிலேயே இருக்கும். இன்னொன்று: கதவைச் சாத்திவிட்டுப் படிமேல் நின்று கண்ணாடி துடைப்பது, அதில் உட்கார்ந்து செருப்பு மாட்டுவது, இரண்டும் கூடவே கூடாது. உள்ளே இருப்பவர் சாவியைத் திருப்பினால் படிக்கு உங்களைத் தெரியாது.

நோயும் மருந்தும்

முப்பது நாற்பது வருஷம் சேற்றையும் மழையையும் வாங்கிய படிக்கு வியாதிகள் வராமல் இருக்குமா? அதிலும் அமெரிக்காவின் வட பகுதிகளில் பனியைக் கரைப்பதற்காகச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். இரும்புக்கு அதைவிடச் சத்துரு வேறில்லை.

படி நகரவில்லையென்றால், உடனே மோட்டார் போய்விட்டது என்று புதிய மோட்டாருக்குப் பணம் அனுப்புகிறவர்கள் அநேகம் பேர். பழக்கமுள்ள மெக்கானிக் அப்படிச் செய்வதில்லை. முதலில் மோட்டாருக்கு நேராகப் பாட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பார்ப்பார். அது ஜம்மென்று சுழன்றால், குற்றவாளி வேறு எங்கோ இருக்கிறான் என்று அர்த்தம். பெரும்பாலும் துருவேறிய எர்த் கம்பியாகவோ, தளர்ந்த முடிச்சாகவோ, கதவிலிருந்து விலகிப் போன காந்தமாகவோ இருக்கும். பாட்டரி பலவீனப்பட்டாலும் படி பாதி வழியில் நின்று முழிக்கும்.

அடுத்தது ஆட்டம். தண்டுகளைக் கோத்திருக்கும் ஆணிகள் தேய்ந்தால், தேய்மானம் ஒரு நூலளவாக இருந்தாலும் மிதிபலகையின் முனையில் அது விரற்கடை அளவு ஆட்டமாகப் பெருகிவிடும். துடைப்பத்தின் பிடியைச் சிறிது அசைத்தால் நுனி எவ்வளவு தூரம் போகிறது, பாருங்கள், அதே கணக்குத்தான். அதற்குக் கெட்டியான கிரீஸைப் பூசி மூடுவது வைத்தியமல்ல. கிரீஸில் மணல் ஒட்டிக்கொண்டு, அதுவே அரமாக மாறி, ஆணியை இன்னும் வேகமாக ராவிவிடும். ஆணியையும் உறையையும் மாற்றுவதுதான் சரி. மாற்றும்போது முதலில் பாட்டரிக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். அந்தத் தண்டுகள் கத்தரிக்கோல் மாதிரி வேலை செய்கின்றன. விரல் நடுவில் இருந்தால் வெட்டாமல் விடாது.

எல்லாவற்றிலும் கொடிய வியாதி, படியில் இல்லை. படிக்கு மேலே இருக்கிறது. பழைய மோட்டார் வீடுகளில் பலவற்றுக்குத் தரை பிளைவுட் பலகை. கதவு இடுக்கு வழியாக வருஷக்கணக்கில் மழைத் தண்ணீர் கசிந்து, வாசல் அருகேதான் பலகை முதலில் உளுத்துப் போகும். மேலே புதிய விரிப்பு அழகாக மின்னும். அடியில் படியைத் தாங்கும் திருகாணிகள் ஈரத் தக்கையில் குத்திய ஊசி மாதிரி நிற்கும். புதிதாகப் பெயிண்ட் அடித்த படி ஒரு நாள் ஆளோடு சேர்ந்து கழன்று வந்துவிடும். ஆகையால் கெட்டிக்காரர்கள் படியைப் பலகையில் முடுக்குவதில்லை. வண்டியின் இரும்புச் சட்டத்தோடு போல்ட் போட்டு இணைக்கிறார்கள். பழமையைக் காப்பாற்ற வேண்டும், கம்பெனி பொருத்தியது போலவே இருக்க வேண்டும் என்று சில சொந்தக்காரர்கள் பிடிவாதம் பிடிப்பதுண்டு. அடுப்பிலும் அலமாரியிலும் அந்தப் பிடிவாதம் இருக்கட்டும். மனிதரைத் தாங்குகிற இடத்தில் அது கூடாது என்பது என் கட்சி.

படியே வேண்டாம் என்றவர்கள்

படியை நீட்டுவதற்குப் பதில் வீட்டையே கீழே இறக்கிவிட்டால் என்ன என்று ஒரு கம்பெனி யோசித்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1973 முதல் 1978 வரை தயாரித்த ஜி.எம்.சி. மோட்டார் வீடுதான் அது. ஓல்ட்ஸ்மொபைல் டொரொனாடோ காரின் முன்சக்கர ஓட்டத்தை அதில் வைத்தார்கள். முன்சக்கரமே வண்டியை இழுப்பதால், அடியில் பின்சக்கரம் வரை ஓடும் தண்டு தேவையில்லை. தண்டு போனதும் தரை இறங்கிற்று. பின்புறத்தில் இரும்புப் பட்டை வில்லுக்குப் பதில் காற்றுப் பைகள். ஓட்டுகிறவரே அவற்றின் உயரத்தைச் சரிசெய்து வண்டியைச் சமப்படுத்தலாம். சுமார் 13,000 வண்டிகள் செய்த பிறகு நிறுத்திவிட்டார்கள். இன்றும் அவற்றை உயிராகப் போற்றி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிலும் வயதேறியவர்கள் கதவடியில் ஒரு சிறு மடக்குப் படியைச் சேர்த்துக் கொள்கிறார்கள் என்பது வேடிக்கை!

வேறு சிலர் இத்தனை யந்திரத்தையும் நம்பாமல் ஒரு சாதாரண முக்காலியை வண்டியிலேயே எடுத்துப் போகிறார்கள். அமெரிக்க ரயில்களில் பிரசித்தி பெற்ற புல்மன் பெட்டிகளின் சேவகர்கள், ரயில் நின்றதும் கீழே ஒரு சிறு படிப்பெட்டியை வைத்துப் பிரயாணிகளைக் கைகொடுத்து இறக்குவார்கள். அந்த வம்சந்தான் இந்த முக்காலியும். கதவோரம் கெட்டியான ஒரு கைப்பிடி, படிமேல் வெளிச்சம் விழும்படி ஒரு சிறு விளக்கு, பலகையில் வழுக்காத சொரசொரப்பான பட்டை — இந்த மூன்றுக்கும் ஆகும் செலவு சொற்பம். இவற்றோடு, ஏணியில் இறங்குவது போல முகத்தை வண்டிப் பக்கம் திருப்பிக் கொண்டு, கைப்பிடியை விடாமல் பின்புறமாக இறங்கினால், முழங்கால் வலிக்காரர்களும் தைரியமாக இறங்கலாம்.

முக்காலிக்கும் ஒரு குறை உண்டு: அது தானாக உள்ளே ஏறிக்கொள்ளாது. அதனால்தான் பழைய வண்டிக்காரர்கள் கிளம்புமுன் ஒருவர் கீழே இறங்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். தண்ணீர்க் குழாய் கழற்றியாயிற்றா, மின்சாரக் கம்பி சுருட்டியாயிற்றா, படி மடங்கியதா, முக்காலி ஏறியதா என்று ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுச் சொல்லிக் கொண்டே வருவார். மடங்காத படிக்காகக் கையில் ஒரு முழம் கயிறும் இருக்கும். மோட்டாரையும் தண்டையும் இணைக்கும் ஆணியை உருவிவிட்டு, படியைத் தூக்கிச் சட்டத்தோடு கட்டிவிட்டால், அடுத்த ஊர்ப் பட்டறை வரை அது சாதுவாக வரும்.